வலிக்காத கை

காலை ஐந்தரைக்கு இசக்கி கூடாரத்தைச் சுருட்டிக் கட்டினாள். தண்ணீர்க் குப்பிகளைக் குலுக்கிப் பார்த்தாள். ஒன்று காலி, மற்றதில் பாதி. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பின்சக்கரத்துக்குக் காற்றடித்து, இரும்புப் பம்பைச் சட்டத்தில் செருகினாள். நாற்பது நாளாக இதே வேலை. கடைசியாக நோட்டில் ‘நாள் 41’ என்று பென்சிலால் எழுதி அடிக்கோடிட்டாள். இன்னும் அறுபத்திரண்டு கிலோமீட்டர் மிதித்தால் பயணம் முடிந்தது.

பென்சில்தான், வேறெதுவும் இல்லை. கைபேசி கிடையாது, டார்ச் கிடையாது, கைக்கடிகாரம்கூட சாவி கொடுக்கும் பழைய ரகம். அணைகள் வற்றி, ஊர்கள் காலியாகி, மிச்சமிருந்த மின்கம்பியையும் ஆட்கள் கழற்றி விற்றுவிட்ட இந்தப் பொட்டல்வெளிக்கு அரசாங்கம் ‘மின்விலக்குப் பகுதி’ என்று பெயர் வைத்திருந்தது. மனசு லேசாகிறது என்று சொல்லிக்கொண்டு மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வசதியான ஆட்கள் இங்கே தனியாகச் சைக்கிள் மிதிக்க வருவார்கள். அனுமதிச் சீட்டு முப்பத்தைந்து நாளுக்குத்தான். ஏன் முப்பத்தைந்து என்று கேட்டுப்பாருங்கள், அதிகாரி உடனே அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது. நாற்பது நாள் மின்சாரத்தின் வாசமே படாமல் இருந்தால் பிடரியில் இருக்கும் வலிச்சில்லு அணைந்துவிடும்.

இசக்கிக்கு மனசு லேசாக வேண்டியதில்லை. அது கனமாகவே இருக்கட்டும் என்றுதான் அவள் கிளம்பினாள்.

ஒன்பது மணி வாக்கில், இடிந்த பாலம் ஒன்றின் இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தபோது ஒரு கம்பு பறந்து வந்து முன்சக்கரத்துக்குள் புகுந்தது. அவள் தலைகுப்புற விழுந்தாள். முழங்கையும் மோவாயும் தார்ச்சாலையில் உரசின. எழுவதற்குள் பாலத்தடியிலிருந்து ஒருவன் வந்து நின்றான். சடை பிடித்த தாடி, வெறுங்கால், கையில் இன்னொரு கம்பு.

“சைக்கிள வச்சிட்டு நடந்து போயிரு,” என்றான்.

“போக மாட்டேன்.”

கம்பு அவள் தோளில் இறங்கியது. விழுந்த அடியைவிட அவளைத் திகைக்க வைத்தது அவனுடைய முகம். அடித்த பிறகும் அது சுளிக்கவே இல்லை. முப்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாளே சில்லு பதிக்கும் காலத்தில் பிறந்தவள் அவள். யார் யாரைத் தொட்டு வலிக்கச் செய்தாலும் அதே வலி, அதே இடத்தில், செய்தவருக்கும் அந்தக் கணமே வந்து சேரும். எதிர்வலி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சடையை இழுத்தால் இழுத்தவள்தான் முதலில் அழுவாள். அடி என்பதை இந்த ஜனங்கள் அப்படித்தான் அறிந்திருந்தார்கள். இவனோ அணைந்தவன். இந்தப் பொட்டலில் சில்லு செத்துப்போய் வாழ்கிறவர்களில் ஒருவன்.

மறுபடி கம்பை ஓங்கினான். அவள் சட்டத்திலிருந்து பம்பை உருவி அவன் முகவாயில் அடித்தாள். அடித்துவிட்டு, பழக்கதோஷம், பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்குக் காத்திருந்தாள். வரவில்லை. அவன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டான். பொய்யாகக் கத்துகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தனக்கு வலிக்காமல் இன்னொருவன் அலறுவதை எப்படி நம்புவது? சோதித்துப் பார்ப்பதுபோல இன்னொன்று போட்டாள். பிறகு இன்னொன்று. கை தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. போதும் என்று சொல்ல வேண்டிய வலி வந்துசேராததால் கைக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. அவன் இரண்டு பல்லைத் துப்பிவிட்டு நாலு காலில் தவழ்ந்து பாலத்தடிக்குள் போன பிறகுதான் அது நின்றது.

சாலையோரம் குந்தி, காலையில் தின்ற அவலை எல்லாம் வாந்தி எடுத்தாள். ஆனால் உள்ளுக்குள் எங்கோ ஒரு திருப்தியும் இருந்தது. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அடிபடுகிறவனின் சில்லுதான் வலியை அனுப்பும், அடிக்கிறவனின் சில்லு வாங்கிக்கொள்ளும். இவனுடையது செத்தது. அப்படியானால் தன்னுடையது செத்ததா இல்லையா என்பதற்கு இந்தச் சண்டை சாட்சி ஆகாது.

வளைந்த கம்பிகளைக் கையாலேயே நிமிர்த்திக்கொண்டு மறுபடி மிதித்தாள். வெயில் ஏறிவிட்டது. தோள் வீங்கிக் கைப்பிடியைப் பிடிக்க விடவில்லை. வலிக்க வலிக்க அண்ணன் பலவேசத்தை நினைத்துக்கொண்டாள்.

கல்லுப்பட்டணத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. பலவேசம் அங்கே தொட்டி கழுவுகிற வேலை. மேற்பார்வையாளர் தங்கதுரை, தொழிலாளர்களைக் கூடுதல் நேரம் தொட்டிக்குள் இறக்குகிறார் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். அடுத்த வாரமே அவன் உள்ளே இறங்கியிருந்த தொட்டியின் மடையை யாரோ திறந்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, தங்கதுரைதான். இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் அறையிலிருந்து ஒரு பொத்தானை அமுக்கினார், பலவேசம் உள்ளேயே மூழ்கிச் செத்தான். நீதிமன்றத்தில் அதை மறுக்கக்கூட இல்லை. ‘ஆமா, தொறந்தேன். என் வலிப்பதிவைப் பாத்துக்கிடுங்க’ என்றார். பார்த்தார்கள். காலியாக இருந்தது. மூன்று மீட்டருக்கு அப்பால் எதிர்வலி பாயாது. வலி பதியாத இடத்தில் குற்றமும் கிடையாது என்பதுதான் சட்டம். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணன் மனைவி சண்முகக்கனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘வேறு போக்கிடம் இல்லாமல் அதே குடியிருப்பில்தான் கிடக்கிறேன். எதிர் வரிசையில் அந்த ஆள் தினமும் நாலு மணிக்குத் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறான். என்னைப் பார்த்தால் சிரிக்கிறான்.’ அந்தக் கடைசி வரியைப் படித்த அன்றுதான் இசக்கி சைக்கிள் வாங்கினாள். கொல்வதற்கு அல்ல. நாற்பத்தொரு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஓங்கி ஒரு அறை. வாழ்நாளில் ஒரு முறையாவது அந்த மனிதருக்கு மட்டும் வலிக்க வேண்டும்.

இரண்டே முக்காலுக்குக் கல்லுப்பட்டணத்தின் சுங்கவாசல் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஊர், கம்பிகள், மின்சாரம். அணைந்த சில்லு மின்சாரத்தின் பக்கத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி உயிர்பெற்றுவிடும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் இத்தனை நாள் மிதித்ததும் வீண்.

வாசல் காவலர் மாசானம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பத்தஞ்சு நாள் போட்டுருக்கு. இன்னைக்கு நாப்பத்தொன்னுல்லா?”

“டயர் கிழிஞ்சி போச்சிண்ணாச்சி. தச்சித் தச்சி ஓட்டிட்டு வாரேன்.”

“மூஞ்சி எல்லாம் ரத்தமா இருக்கே.”

“விழுந்துட்டேன்.”

“சரி, கிள்ளு.” இரண்டு கைகளையும் நீட்டினார்.

இந்தச் சோதனை எல்லா வாசலிலும் உண்டு. காவலரின் இரண்டு சட்டைக் கைகளில் ஒன்றின் அடியில் செப்புவலை உறை இருக்கும். அது எதிர்வலியைக் கடத்தாது. வந்தவர் இரண்டிலும் கிள்ள வேண்டும். உறை இல்லாத கையில் கிள்ளும்போது முகம் சுளித்து, உறை போட்ட கையில் சும்மா இருந்தால் சில்லு உயிரோடு இருக்கிறது. மாற்றிச் சுளித்தால் ஆள் அணைந்தவர், அப்படியே திரும்ப வேண்டியதுதான். இசக்கி பன்னிரண்டு வருடமாக மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்புக்குக் கட்டுப்போடும் அறையில் இருப்பவள். செப்புவலைக் கையுறை போடாமல் அந்த அறையில் யாரும் நோயாளியைத் தொட முடியாது. வலையின் மேல் துணி எப்படி மடியும் என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

இடது கை உறை. அதில் கிள்ளிவிட்டுச் சும்மா நின்றாள். பிறகு வலது கையில் அழுத்திக் கிள்ளினாள். ஒன்றுமே இல்லை. நாற்பது நாள் வீணாகவில்லை. முகத்தைச் சுளித்து, “ஸ்ஸ்” என்றாள்.

அதே நேரத்தில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மீன்காரப் பெண் வலது கையை உதறிக்கொண்டாள்.

இசக்கி இதை யோசிக்காமல் விட்டிருந்தாள். அடித்தவரின் சில்லு செத்திருந்தால் வலி காற்றில் கரைந்துவிடாது. மூன்று மீட்டருக்குள் உயிரோடு இருக்கும் வேறு சில்லு எது என்று தேடிப் போய் அதில் விழும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரமே அவள் பட்ட அனுபவம் அது. டாக்டர் வலையுறையோடு ஒரு கிழவரின் முறிந்த காலை இழுக்க, உறை போட மறந்து ஓரமாக நின்ற இவள்தான் வீறிட்டுக் கீழே விழுந்தாள்.

“என்ன ஆச்சி?” என்று மாசானம் மீன்காரியைப் பார்த்தார்.

மீன்காரி இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். மோவாய்க் காயத்தைப் பார்த்தாள். “செதிலு குத்திட்டு,” என்றாள் நிதானமாக. “சீக்கிரம் முத்திரையப் போடும். மீனு நாறிரும்.”

முத்திரை விழுந்தது: ‘சில்லு உயிருடன் உள்ளது’. தேதி, நேரம் எல்லாம் சுத்தமாக. வாசலைத் தாண்டியதும் மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

“பலவேசம் சாடையா இருக்கியே. தங்கச்சியா?”

இசக்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

“நான் எதையும் கேக்கல தாயி. கனிக்கு எடுத்து வச்ச மீனக் குடுக்கத்தான் அங்கன போறேன். நீ வருவேன்னு காலையிலேயே சொல்லி வச்சிருந்தா,” என்று சொல்லிவிட்டு அவள் வேறு தெருவில் திரும்பினாள். கிளம்புமுன் கனிக்கு, வருகிற தேதியை எழுதிப் போட்டது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று இசக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நின்று வருத்தப்பட நேரமில்லை.

மேலே கம்பிகள் முனகின. நாலு மணி ஆகும்வரை குடியிருப்புக்குப் பின்னால், உப்புக்காற்றில் துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மறைவில் உட்கார்ந்திருந்தாள். பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கடிகாரம் நாலு காட்டியதும் எழுந்தாள். அந்த ஆளைத் தவிர மூன்று மீட்டருக்குள் ஒரு ஜீவன் இருக்கக்கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

தங்கதுரை முன்னறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. இந்த உலகத்தில் யார்தான் கதவைப் பூட்டுகிறார்கள்?

“யாரும்மா?”

“பலவேசம் தங்கச்சி.”

“ஓ, மதுரையில இருக்குற பிள்ளையா?” அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவளுடைய முகத்தையும் கையில் இருந்த பம்பையும் பார்த்து உண்மையாகவே சிரித்தார். “அடிக்க வந்தியா? உன் மைனிகூட ஒருநா இப்பிடித்தான் வந்தா. கையத் தூக்கினா, எறக்கிட்டா. அடிச்சா யாருக்கு வலிக்கும்னு அவளுக்குத் தெரியும்லா.” கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். “அடி. ஆசைக்கு ஒன்னு அடிச்சிட்டுப் போ. நானும் அத மறந்துருதேன்.”

அடித்தாள். நாற்பத்தொரு நாள் மிதித்த உடம்பு அத்தனையும் அந்தக் கையில் வந்து இறங்கியது. அவர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் அலறுவதற்காகக் காத்திருந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்போதுதான் அவருடைய முகத்தில் சிரிப்பு வடிந்து வேறொன்று வந்தது.

“உன் சிப்பு…” என்றார். சுவரில் இருந்த அபாயப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

மறுபடியும் பொத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பம்பு அந்தக் கையில் விழுந்தது. பிறகு தோளில். ஒரு அறைதான் என்று நாற்பத்தொரு நாள் சொல்லிக்கொண்டு வந்தவள் அந்த அறைக்குள் எங்கேயும் இல்லை. அவர் கத்தினார். கத்தல் ஒன்றல்ல, இரண்டாகக் கேட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் பாலத்தடியில் கற்ற பாடம் அதுதான், கத்தல் தன்னை ஒன்றும் செய்யாது. பம்பின் கைப்பிடி உடைந்து தெறித்தது, வெறும் இரும்புக் குழலால் அடித்தாள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கை அரைக்கணம் காத்திருந்து, போதும் என்று சொல்ல யாரும் வராததால் மறுபடி ஏறியது. சுவரிலும் டீ டம்ளரிலும் ரத்தம் தெறித்தது. கடைசி மூன்று அடிகளுக்கு அவரிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

ஆனால் கத்தல் இன்னும் கேட்டது.

திரும்பினாள். நிலைப்படியின் மேல் சண்முகக்கனி கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வலது கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, தலையைத் தரையில் முட்டி முட்டி, குரல் போய் வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது. அவள் கைக்கும் இசக்கியின் சேலை முந்தானைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

“மைனி.” பம்பு கையிலிருந்து விழுந்தது. இசக்கி அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். “மைனி, நீ எதுக்கு வந்த? நீ எப்ப வந்த?”

“மீனு குடுக்க வந்தவ சொன்னா.” கனிக்குப் பல் கிட்டித்திருந்தது. “உன் சிப்பு செத்துட்டுன்னா. தடுக்கத்தாம்ளா ஓடியாந்தேன். பம்பால அடிச்ச மொத அடியிலேயே விழுந்துட்டேன். உன்னக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன்… நீ திரும்பவே இல்ல.”

இசக்கி அழுதாள். நாற்பத்தொரு நாளில் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அண்ணனுக்காக என்று ஓங்கிய ஒவ்வொரு அடியையும் அண்ணன் பொண்டாட்டி வாங்கியிருக்கிறாள். இதைவிட அந்தப் பாலத்தடியிலேயே அவன் கையால் செத்திருக்கலாம்.

நாலே முக்காலுக்கு ஆய்வாளர் ரெஜினா இரண்டு காவலர்களோடு வந்தார். எல்லோரும் முழங்கை வரை செப்புவலை போட்டிருந்தார்கள். தங்கதுரையின் உடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதிவுமானியை எடுத்து முதலில் இசக்கியின் பிடரியில் வைத்தார்.

“நான்தாம்மா அடிச்சேன்,” என்றாள் இசக்கி. “நான்தான் கொன்னேன். அவ தடுக்க வந்தவ.”

மானி சிணுங்கியது. பச்சை விளக்கு. தெருக்கம்பியின் மின்சாரம் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. சில்லு உயிரோடு இருந்தது. பதிவு மட்டும் வெறுமை.

“உங்க பதிவுல ஒன்னும் இல்லியே,” என்றார் ரெஜினா. மானியைக் கனியின் பிடரிக்கு மாற்றினார். அது நெடுநேரம் ஓடியது. அவர் வாய்விட்டு எண்ணினார், எண்ணியதை நம்பாமல் இன்னொரு முறை ஓடவிட்டார். “பதினேழு. பதினேழு அடியையும் இவ தாங்கிட்டு அடிச்சிருக்கா. மூணாவதுல எவனும் நிறுத்திருவான். புருஷன் செத்த வன்மம் மனுஷியை இவ்வளவு தூரம் கொண்டு போகுமா?”

“என் கையைப் பாருங்க, சேலையைப் பாருங்க. எல்லாம் அந்த ஆளு ரத்தம். பம்பு என்னோடது. என் சிப்பு செத்திருந்துச்சி, அதனால வலி அவ மேல பாஞ்சிட்டு.”

“ரத்தம் யாரு மேல வேணும்னாலும் ஒட்டும்மா. அத எல்லாம் பாக்குறத விட்டு முப்பது வருஷம் ஆச்சி.” ரெஜினா அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். “ரெண்டே முக்காலுக்கு வாசல்ல கிள்ளிப் பாத்து உயிருடன் இருக்குன்னு முத்திரை குத்தியிருக்கு. இதுக்கு மேல நான் என்னத்த நம்புறது? சொந்தக்காரிய காப்பாத்தப் பாக்குறீங்க, புரியுது. வழக்கு மன்றத்துக்கு வராது, பதிவே தீர்ப்பு.”

“நான் நடிச்சேன். முத்திரைக்காக மூஞ்சியச் சுளிச்சேன். மீன்காரம்மாவக் கேளுங்க.”

“அவங்க பதிவுல ஒரு கிள்ளு இருந்தா, அவங்கதான் கிள்ளினாங்கன்னு அர்த்தம்.” அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

இசக்கி அவருடைய சட்டையைப் பிடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அதைக் கனி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். இனி வலி வந்தால் இசக்கிக்குத்தான் வரும், சில்லு விழித்துவிட்டது. அது கனிக்குத் தெரியாதே. இசக்கி கையைக் கீழே போட்டாள்.

காவலர்கள் கனியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் வாதாடவில்லை. “வீட்டுல ஊளி மீனு இருக்கு,” என்றாள் இசக்கியிடம். “உனக்காகத்தான் வாங்கச் சொன்னேன். பூனை தின்னுரும், எடுத்து வையி.”

விலங்கு மாட்டினார்கள். கொக்கி இறுகியதும் இசக்கியின் இரண்டு மணிக்கட்டுகளிலும் சுரீரென்று வலித்தது. காவலர்களின் கைகளில் செப்புவலை. பக்கத்தில் இருந்த வேறு உயிர்ச்சில்லு அவளுடையது மட்டும்தான். நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு முதன்முறையாக இன்னொருவருக்கு வலிப்பது அவளுக்கு வலித்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த வலியை விட்டுவிடாமல், கனியின் பின்னாலேயே வாசலுக்கும் தெருவுக்கும் போனாள்.

வண்டியில் ஏற்றினார்கள். சன்னல் கம்பியில் கனியின் விலங்கு இடித்தது, இசக்கியின் கையிலும் இடித்தது. வண்டி நகர்ந்தது. அவள் கூடவே ஓடினாள், பிறகு திரும்பி ஓடிவந்து சைக்கிளை எடுத்து மிதித்தாள். வளைந்த சக்கரம் சட்டத்தில் உரசிக் கிரீச்சிட்டது. வண்டி மூன்று மீட்டரைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. மணிக்கட்டில் வலி இல்லை.